கோசோ தீவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டாவுக்குப் போகிற பலர், பக்கத்தில் இருக்கும் கோசோ தீவுக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்குகிறார்கள். மொத்தமே 67 சதுர கிலோமீட்டர், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் தவறே இதுதான். மால்டாவின் வடகோடியில் உள்ள சிர்க்கெவ்வா துறையில் படகு ஏறினால் 25 நிமிடத்தில் கோசோவின் இம்ஜார் துறைமுகம் வந்துவிடும், சரி. ஆனால் தலைநகர் வலெட்டாவிலிருந்து சிர்க்கெவ்வா வரை பஸ்ஸில் வருவதற்குள் பொழுது ஏறிவிடும். வலெட்டாவிலிருந்தே நேராக வரும் வேகப்படகு 2021 முதல் ஓடுகிறது, முக்கால் மணி நேரம்தான்.

இறங்கிய பிறகும் அவசரம் செல்லாது. தீவின் பஸ்கள் பெரும்பாலும் நடுவில் உள்ள விக்டோரியா ஊரிலிருந்தே கிளம்புகின்றன. ஒரு கடற்கரையிலிருந்து அடுத்ததற்குப் போக, விக்டோரியா வந்து பஸ் மாற வேண்டியிருக்கும். ஒரு நாளில் ஐந்து இடம் என்று பட்டியல் போட்டால், அதிகம் பார்க்கப்போவது பஸ் நிலையத்தைத்தான். இரண்டு இரவாவது தங்குங்கள்.

பழைய படங்களை நம்பி தீவின் மேற்குக் கரையில் உள்ள த்வெய்ராவில் ‘அசூர் விண்டோ’ என்ற பெரிய கல் வளைவைத் தேடாதீர்கள். 2017 மார்ச் 8 அன்று புயலில் அது கடலுக்குள் சரிந்துவிட்டது. அதற்காக த்வெய்ராவையே விட்டுவிடுவதும் தவறு. பாறைக்குள் ஒரு சுரங்க வழி இருக்கிறது. பாறைக்குப் பின்னால், கரைப்பக்கம் தேங்கி நிற்கும் கடல்நீரிலிருந்து சின்னப் படகில் அதன் வழியாகத் திறந்த கடலுக்குப் போய் வரலாம்.

எனக்கு எரிச்சலூட்டுவது, வடக்குக் கரையில் உள்ள ஷ்வெய்னி உப்பளத்தில் பயணிகள் செய்யும் வேலை. கரையோரப் பாறையிலேயே வெட்டிய பாத்திகள், சதுரம் சதுரமாக. கோடை வெயிலில் நீர் வற்றி ஓரத்தில் வெள்ளை படிந்ததும், துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறார்கள். பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்புகள் மெல்லியவை. அவற்றின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தால் விளிம்பு உடையும், செருப்பு மண் உப்பில் கலக்கும். இன்றும் குடும்பங்கள் பிழைக்கும் இடம் அது. பாதையிலிருந்தே பாருங்கள், பிடித்திருந்தால் ஒரு பாக்கெட் உப்பு வாங்குங்கள்.

ஜிகாந்தியா கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழையவை, ஏறத்தாழ கி.மு. 3600. உச்சி வெயிலில் போனால் ஒதுங்க நிழல் கிடைக்காது. அப்புறம், மதியம் பல கடைகளை மூடிவிடுவார்கள், சாமான் வாங்குவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கடைசியாக, விமானம் ஏறும் நாளன்று கோசோவிலிருந்து கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். காற்று பலமாக அடித்தால் வேகப்படகை நிறுத்திவிடுவார்கள். விமான நிலையமோ மால்டாவில்தான் இருக்கிறது.