இணை ஸ்கேட்டிங்: பதக்கம் யாருக்கு என்று கணிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

2018 பியாங்சாங் ஒலிம்பிக். முதல் நாள் நடக்கும் குறு ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் ஜெர்மனியின் அல்யோனா சாவ்சென்கோவும் புரூனோ மாசோவும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் மூன்று சுற்று சால்கோ (காற்றில் சுழன்று இறங்கும் ஒருவகைத் தாவல்) தாவ வேண்டும். மாசோ இரண்டு சுற்றோடு இறங்கிவிட்டார். நான்காம் இடம். முதலிடத்தில் இருந்த சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சோங் இணையைவிட 5.80 புள்ளி குறைவு. தங்கம் கைநழுவிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். மறுநாள் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் அவர்கள் எடுத்தது 159.31, அப்போதைய உலக சாதனை. இரண்டு நாளும் சேர்த்து மொத்தம் 235.90. சீன இணைக்கு 235.47. 0.43 புள்ளியில் தங்கம் ஜெர்மனிக்குப் போனது.

முதல் நாளோடு கணக்கை மூடிவிடுவதுதான் நாம் அதிகம் செய்கிற தவறு. ஃப்ரீ ஸ்கேட்டில் கிடைக்கும் புள்ளிகள் ஷார்ட் புரோகிராமைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்காக முதல் நாளைத் தள்ளிவிடவும் முடியாது. 2025 பாஸ்டன் உலகப் போட்டியில் ஃப்ரீ ஸ்கேட்டில் ஜெர்மனியின் ஹாசே, வோலோடின்தான் முந்தினார்கள். ஆனால் முதல் நாள் சேர்த்துவைத்த முன்னிலையால் ஜப்பானின் மியுரா, கிஹாரா 0.71 வித்தியாசத்தில் பட்டம் வென்றார்கள்.

இன்னொரு தவறு, விழுந்ததை மட்டும் எண்ணுவது. ஒருவர் விழுந்தால் 1 புள்ளி கழியும், இருவரும் விழுந்தால் 2. அது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. மாசோ விழவே இல்லை. ஆனால் அன்றைய அட்டவணையில் மூன்று சுற்று சால்கோவின் அடிப்படை மதிப்பு 4.4, இரண்டு சுற்றுக்கு 1.3. ஒருவர் குறைத்தாலும் இணைக்குக் குறைந்த மதிப்புதான். சத்தமில்லாமல் 3.1 புள்ளி போய்விட்டது! இணைகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்துப் பக்கத் தாவல்களைத்தான். லிஃப்டிலும் (துணையைத் தூக்குவது) த்ரோவிலும் (துணையை வீசித் தாவவைப்பது) அசத்துகிற இணைகள்கூட இங்கேதான் தடுமாறுகின்றன.

சரி, பெரிய வித்தை செய்பவர்கள் ஜெயித்துவிடுவார்களா? அதே பியாங்சாங்கில் கனடாவின் டுஹாமெல், ராட்ஃபோர்ட் இணை ஒலிம்பிக்கில் முதன்முறையாக நான்கு சுற்று த்ரோ சால்கோவை வெற்றிகரமாக முடித்தது. கிடைத்தது வெண்கலம். 2022 பெய்ஜிங்கில் கதை வேறு. ஹான் மேலே வீச, சுய் காற்றில் நான்கு சுற்று சுழன்று மறுபடி அவர் கைக்கே வந்தார். ரஷ்யாவின் தாராசோவா, மொரோசோவை முந்தி அந்த இணை தங்கம் வென்றது வெறும் 0.63 புள்ளியில். மற்றதெல்லாம் சமமாக இருந்தால்தான் பெரிய வித்தை தராசைச் சாய்க்கும் என்பது என் கருத்து.

வெவ்வேறு போட்டிகளின் மதிப்பெண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசுவதையும் விட்டுவிடலாம். உள்நாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் தாராளமாகப் போடுவார்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் அவற்றைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வோர் அசைவின் தரத்துக்கும் நடுவர்கள் தரும் புள்ளி முன்பு +3 முதல் −3 வரை. 2018-19 முதல் +5 முதல் −5 வரை. ஆகவே 2018-இன் 235-ஐயும் 2022-இன் 239-ஐயும் ஒரே கோலால் அளக்க முடியாது.

அப்புறம், பிடித்த இணை தோற்றதும் நடுவர்மேல் பாய்வது. 2002 சால்ட் லேக் சிட்டியில் நடுவர் விவகாரம் வெடித்து, கனடாவின் சாலே, பெலெட்டியேவுக்கும் தங்கம் தரப்பட்டது உண்மை. 6.0-ஐ உச்ச மதிப்பெண்ணாக வைத்திருந்த பழைய முறை ஒழிந்ததற்கும் அதுவே காரணம். இன்று ஒவ்வோர் அசைவுக்கும் யார் எவ்வளவு பெற்றார்கள் என்று மதிப்பெண் தாளில் இருக்கிறது. வாதத்தில் இறங்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். 2018-இல் இணைச் சுழற்சி ஒன்று கடினத்தன்மையில் நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்கினால் இழப்பு 0.5. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்ததோ 0.43.