ஒரு கிளப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிரேசில் கால்பந்துப் பருவத்தைப் பின்தொடரும் வழி

முதலில் கிழமைகளைப் பழகிக்கொள்ள வேண்டும். பிரேசிலில் கால்பந்துக்கென்று இருப்பவை புதன் இரவும் ஞாயிறு மாலையும். புதன் ஆட்டம் இரவு ஒன்பதரைக்குத் தொடங்குவது, குளோபோ தொலைக்காட்சியின் முக்கியத் தொடர் முடிந்த பிறகு ஒளிபரப்ப வேண்டும் என்பதற்காக. ரியோ, சாவோ பாலோ நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் எட்டரை மணி வித்தியாசம். 2019இல் அங்கே கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டதால் ஆண்டு முழுவதும் இதே கணக்குதான். ஆகவே புதன் இரவு ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் வியாழன் காலை ஆறு மணிக்கு வரும். ஞாயிறு மாலை நான்கு மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி அரை மணிக்குத் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்கள் வியாழன் காலை ஆட்டத்தை நேரலையில் பாருங்கள். ஞாயிறு ஆட்டத்தைத் திங்கள் மாலை மறுஒளிபரப்பில், முடிவு காதில் விழாமல் பார்த்துக்கொண்டு பாருங்கள். இரண்டையும் விழித்திருந்து பார்க்க முயன்றால் ஏப்ரலுக்கு மேல் உடம்பு தாங்காது.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஒரு கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். லீக்கைப் பொதுவாகப் பார்க்கிறேன் என்று தொடங்கினால் இருபது அணிகளின் பெயர்களிலேயே மூச்சு முட்டிவிடும். ஒரு கிளப் கைவசம் இருந்தால் மற்ற பத்தொன்பதும் அதன் எதிரிகளாகவும், பங்காளிகளாகவும், பழைய கணக்குத் தீர்க்க வேண்டியவர்களாகவும் தாமாகவே மனத்தில் பதியும். கோப்பைகளை எண்ணிக் கிளப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதன் வரலாற்றில் உங்களுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் வாஸ்கோ ட காமா ரசிகன். ரியோவின் போர்ச்சுகீசியக் குடியேறிகள் தொடங்கிய கிளப் அது. 1923இல் முதல் பிரிவுக்கு வந்த உடனே ரியோ பட்டத்தை வென்றது. அந்த அணியில் கறுப்பினத்தவர்களும் கலப்பினத்தவர்களும் ஏழைத் தொழிலாளர்களும் ஆடினார்கள். பெரிய கிளப்புகளுக்கு அது பொறுக்கவில்லை. பிளமெங்கோ, ஃபுளுமினென்ஸே, பொட்டாஃபோகோ உள்ளிட்டவை மறு ஆண்டே புதிய சங்கம் ஒன்றை அமைத்தன. அதில் சேர வேண்டுமானால் பன்னிரண்டு வீரர்களை நீக்க வேண்டும் என்று வாஸ்கோவுக்கு நிபந்தனை விதித்தார்கள். அவர்களுடைய தொழிலும் சமூக நிலையும் சரியில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ் 1924 ஏப்ரல் 7 அன்று ஒரு சிறிய கடிதம் எழுதினார். அந்த வீரர்களைப் பலிகொடுத்துவிட்டு உங்கள் சங்கத்தில் சேர மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். உங்களுக்குச் சொந்த மைதானம்கூடச் சரியாக இல்லையே என்ற குறையும் அப்போது சொல்லப்பட்டது. ரசிகர்களே பணம் திரட்டி சாவோ ஜனுவாரியோ ஸ்டேடியத்தைக் கட்டி 1927 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். இதைப் படித்த பிறகு வேறு கிளப்பைத் தேட எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வேறொன்று பிடிக்கலாம். ராணுவ ஆட்சிக் காலத்திலேயே கால்பந்து வீரர் சாக்ரடீஸும் தோழர்களும் கிளப் முடிவுகளை வாக்கெடுப்பில் எடுத்த கொரிந்தியன்ஸ் இருக்கிறது. பெலேயின் சான்டோஸ் இருக்கிறது. வடகிழக்கில் பாஹியா இருக்கிறது, தெற்கே போர்ட்டோ அலெக்ரே நகரை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கும் கிரேமியோவும் இன்டர்நேசியோனலும் இருக்கின்றன.

கிளப் முடிவானதும் நாட்காட்டியை விரியுங்கள். ஒரே கிளப் ஓராண்டில் நான்கு போட்டிகளில் ஆடலாம். ஜனவரியில் மாநிலப் போட்டிகள் தொடங்கும். சாவோ பாலோ மாநிலப் போட்டி 1902 முதல் நடக்கிறது. தேசிய லீக்கைவிட மிகவும் மூத்தது. பிரசிலெய்ராவோ எனப்படும் தேசிய லீக்கில் 20 அணிகள், 38 சுற்றுகள். முன்பெல்லாம் மாநிலப் போட்டி முடிந்து மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோதான் லீக் தொடங்கும். 2026 முதல் மாநிலப் போட்டிகளை 11 ஆட்ட நாட்களுக்குள் சுருக்கிவிட்டு, லீக்கை ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு ஏப்ரலில் வந்து உட்கார்ந்தால் பல சுற்றுகள் போய்விட்டிருக்கும். இவற்றோடு நாக்கவுட் முறையிலான கோப்பா தோ பிரசில், தென்னமெரிக்கக் கண்டத்துக்கான லிபர்ட்டடோரஸ் அல்லது அதற்கு அடுத்த நிலையிலுள்ள சூல்-அமெரிக்கானா.

நான்கையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஸ்கோவின் 2025 போதும். லீக்கில் கீழ்ப்பாதியில் கிடந்தோம். சூல்-அமெரிக்கானாவில் ஈக்வடாரின் இன்டிபென்டியென்டே டெல் வாலேயிடம் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கி வெளியேறினோம். ஆகஸ்டில் சாவோ பாலோ நகரின் மொரும்பி ஸ்டேடியத்தில் சான்டோஸை ஆறுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். சான்டோஸின் நெய்மார் மைதானத்திலேயே அழுதார். சான்டோஸ் அன்றே தன் பயிற்சியாளரை நீக்கியது. டிசம்பரில் கோப்பா தோ பிரசில் அரையிறுதியில் ஃபுளுமினென்ஸேயைப் பெனால்டியில் தாண்டி, ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் கொரிந்தியன்ஸிடம் 2-1 என்று இறுதிப் போட்டியைத் தோற்றோம். கொரிந்தியன்ஸும் லீக்கில் கீழ்ப்பாதி அணிதான். ஆனாலும் கோப்பையோடு லிபர்ட்டடோரஸ் இடமும் அவர்களுக்குக் கிடைத்தது. லீக் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆண்டு எங்களுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும்.

பட்டியலைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. மேலே முதல் நான்கு இடங்களுக்கு லிபர்ட்டடோரஸ் குழுச் சுற்றில் நேரடி இடம். கீழே கடைசி நான்கு அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். புள்ளிகள் சமமானால் முதலில் கோல் வித்தியாசத்தைப் பார்க்க மாட்டார்கள், வெற்றிகளை எண்ணுவார்கள். 12 வெற்றி, 9 சமநிலை கண்ட அணிக்கும் 10 வெற்றி, 15 சமநிலை கண்ட அணிக்கும் 45 புள்ளிதான். முதல் அணிதான் மேலே இருக்கும். ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் சமநிலையைக் காப்பாற்றிக்கொள்ளாமல் அணிகள் ஏன் முன்னே பாய்கின்றன என்பது புரியும். கோப்பை ஆட்டங்களுக்காகத் தள்ளிவைத்த லீக் ஆட்டங்களையும் கவனியுங்கள். இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கும் அணி பதினாறாவது இடத்தில் இருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

45 என்ற எண்ணை மனத்தில் இருத்துங்கள். தரமிறங்காமல் தப்பிக்க அது போதும் என்று பிரேசிலில் எல்லோரும் சொல்வார்கள். மினாஸ் ஜெராயிஸ் மத்தியப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எந்த அணி பட்டம் வெல்லும், எது இறங்கும் என்று சதவீதம் வெளியிடுகிறது. அதைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் தலைவணங்க வேண்டாம். 2009இல் ஃபுளுமினென்ஸே இறங்குவது கிட்டத்தட்ட உறுதி என்றே கணக்குகள் சொல்லின. பயிற்சியாளர் கூக்காவும் முன்கள வீரர் ஃபிரெட்டும் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். கடைசிச் சுற்று கூரிட்டிபா நகரில், அதே தரமிறக்கப் போராட்டத்தில் இருந்த கொரிட்டிபா கிளப்புக்கு எதிராக. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஃபுளுமினென்ஸே 46 புள்ளியோடு தப்பியது. கொரிட்டிபா 45 புள்ளியோடு இறங்கியது, அதுவும் தன் நூற்றாண்டு விழா ஆண்டில். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து கலவரமாகிவிட்டது. மறு ஆண்டு ஃபுளுமினென்ஸே தேசியச் சாம்பியன். எங்கள் பரம எதிரிதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரேசில் லீக்கின் உயிர் பட்டியலின் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. செப்டம்பருக்கு மேல் என் கண் முதலில் போவது பதினான்காம் இடத்துக்குக் கீழேதான்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லீக்கில் மூன்றாவது மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. இரண்டு வாங்கி விளிம்பில் நிற்பவர்களைப் ‘பென்டுராடோ’ என்பார்கள். உங்கள் அணியில் யார் யார் அப்படி நிற்கிறார்கள் என்று பட்டியல் வைத்திருங்கள். அடுத்த வாரம் பெரிய ஆட்டம் இருந்தால், ஒரு நடுக்கள வீரர் ஏன் இந்த வாரம் காலை நீட்டத் தயங்குகிறார் என்பதும், வேறொரு வாரம், அடுத்து வரும் எளிய ஆட்டத்திலேயே தடையைக் கழித்துவிட இன்னொருவர் ஏன் வேண்டுமென்றே பந்தை எறியாமல் நின்று அட்டை வாங்குகிறார் என்பதும் விளங்கும். கோப்பைப் போட்டிகளின் அட்டைக் கணக்கு தனி.

ஆட்டம் முடிந்த பிறகு பத்திரிகைகளைவிட இரண்டு தாள்களை நான் அதிகம் நம்புகிறேன். இரண்டையும் பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பான சி.பி.எஃப். தன் தளத்தில் வெளியிடுகிறது. முதலாவது ‘சூமுலா’, நடுவரின் அறிக்கை. அணிகளின் பெயர்ப்பட்டியல், கோல் விழுந்த நிமிடம், ஒவ்வொரு அட்டைக்கும் காரணம், எந்தப் பயிற்சியாளர் எந்த வார்த்தையால் திட்டினார், எந்தப் பக்கத்து இருக்கைகளிலிருந்து என்ன வீசப்பட்டது என்று வறண்ட அலுவல் நடையில் எழுதியிருக்கும். வசவுகளைக்கூட அப்படியே பதிவு செய்வார்கள். இரண்டாவது ‘போர்டெரோ’, வரவு செலவுக் கணக்கு. எந்த வரிசையில் எத்தனை டிக்கெட், என்ன விலை, இலவசமாக வந்தவர்கள் எத்தனை பேர், நடுவர் கட்டணம், ஆம்புலன்ஸ், ஊக்கமருந்துச் சோதனை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து அடியில் நிகரத் தொகை நிற்கும். மாநிலப் போட்டிகளில் சிறிய கிளப்புகளின் தாளில் அந்தத் தொகைக்கு முன் கழித்தல் குறி இருப்பதைப் பலமுறை காணலாம். சொந்த ஊரில் ஆடி, கைக்காசையும் இழந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். பிரேசில் கிளப்புகள் ஏன் பதினெட்டு வயதுப் பையன்களை விற்கின்றன என்பதற்கான விடை தொலைக்காட்சி விவாதங்களைவிட அந்தத் தாளில் தெளிவாக இருக்கிறது.

விற்பனை என்றதும் ஜூலை நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவுக்குப் பருவத் தொடக்கம், பிரேசிலுக்குப் பருவத்தின் நடுப்பகுதி. பால்மெய்ராஸின் என்ட்ரிக் 2024இல் பதினெட்டு வயது நிறைந்ததும் ரியல் மாட்ரிட் போனார். மறு ஆண்டு எஸ்தெவாவ், தான் சேரப்போகும் செல்சிக்கு எதிராகவே கிளப் உலகக் கோப்பையில் கோல் அடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். உங்களுக்குப் பிடித்த இளைஞன் யாராக இருந்தாலும் முதல் பாதியிலேயே கண்குளிரப் பார்த்துவிடுங்கள். ஆகஸ்டில் களமிறங்கும் அணி வேறு அணி.

மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். போர்ச்சுகீசிய வானொலி வர்ணனையை ஒரு மாதம் கேட்டால் போதும். எஸ்கான்டேயோ என்றால் கார்னர், இம்பெடிமென்டோ என்றால் ஆஃப்சைடு, டிராவி என்றால் கோல் கம்பம். மற்றவற்றைக் குரலின் ஏற்றமே சொல்லிவிடும். போர்ட்டோ அலெக்ரேயின் ரேடியோ கவுசா இணையத்தில் கிடைக்கிறது. தெற்குக் கிளப்புகளின் ஆட்டத்தை நான் அதில்தான் கேட்பேன்.

எப்போதாவது நேரில் பார்க்கப் போவதாக இருந்தால்: இருபதாயிரத்துக்கு மேல் இடமுள்ள ஸ்டேடியங்களில் 2025 ஜூன் முதல் முகப்பதிவு கட்டாயம், டிக்கெட் வாங்கும்போதே முடித்துவிடுங்கள். சாவோ பாலோ மாநிலத்தில் பெரிய கிளப்புகள் ஒன்றோடொன்று மோதும் ஆட்டங்களுக்கு 2016 முதல் உள்ளூர் அணியின் ரசிகர்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள். இரு தரப்பும் எதிரெதிரே பாடுவதைக் கேட்க வேண்டுமானால் மரக்கானாவுக்குப் போங்கள்.

கடைசிச் சுற்றில் பட்டமோ தரமிறக்கமோ முடிவாகாத ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். இரண்டு திரைகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தொற்றால் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போன 2020 பருவத்தில் பிளமெங்கோ கடைசிச் சுற்றில் சாவோ பாலோ கிளப்பிடம் தோற்றுப்போனது. ஒரு கோல் அடித்தால் இன்டர்நேசியோனலுக்குப் பட்டம். போர்ட்டோ அலெக்ரேயில் கூடுதல் நேரத்தில் பந்து வலைக்குள் போனது, ஆஃப்சைடு என்று ரத்தானது. கொரிந்தியன்ஸுடன் 0-0. பிளமெங்கோ 71, இன்டர் 70.

விசில் ஊதிய பிறகும் ஒரு வாரம் பொறுத்திருங்கள். 2013இல் போர்ச்சுகேசா கிளப் கடைசிச் சுற்றில், தடையில் இருந்த எவெர்டன் என்ற மாற்று வீரரைச் சில நிமிடங்கள் இறக்கியது. விளையாட்டு நீதிமன்றம் நான்கு புள்ளிகளைப் பறித்தது. தப்பிவிட்டதாக இருந்த போர்ச்சுகேசா இறங்கியது, இறங்கியிருந்த ஃபுளுமினென்ஸே தப்பியது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள்.

பிறகு இடைவெளி குறைவுதான். ஜனவரி முதல் வாரத்திலேயே சாவோ பாலோ இளையோர் கோப்பை தொடங்கிவிடும். மாநிலத்தின் சிற்றூர் மைதானங்களில் நாடெங்கிலுமிருந்து வந்த அணிகள் ஆடும். இறுதிப் போட்டி அந்நகரின் பிறந்த நாளான ஜனவரி 25 அன்று. உங்கள் கிளப்பின் ஆட்டங்களை அதில் பார்த்து, நன்றாக ஆடிய இரண்டு மூன்று பேரின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதன்மை அணி சோர்ந்திருக்கும் மே மாதத்தில் பயிற்சியாளர் கூப்பிடப்போவது அவர்களைத்தான்.