லண்டன் டேட் மாடர்ன்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

லண்டன் சுற்றுலாப் பட்டியலில் டேட் மாடர்ன் என்ற நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் பலர் ஒதுக்குவது ஒரு மணி நேரம். ‘நுழைவு இலவசம், தேம்ஸ் கரையிலேயே இருக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்’ என்று போவார்கள். உள்ளே இரண்டு பெரிய கட்டிடங்கள். ஏறி இறங்கியே பாதி நேரம் கரைந்துவிடும். கடைசியில் தரையில் அடுக்கிய செங்கலைப் பார்த்து ‘இதுக்கா வந்தோம்?’ என்று வெளியேறுவார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பதால் வரும் வினை இது. ஏழெட்டுப் படைப்புகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் ஒதுக்கிப் போனால் நவீன கலையில் அரிச்சுவடி தெரியாதவருக்கும் அந்தப் பொழுது வீணாகாது.

படி 1: முதல் நாள் இரவே செய்ய வேண்டியது

டேட் இணையதளத்தில் நேரத்தைச் சரிபாருங்கள். வழக்கமாகக் காலை 10 முதல் மாலை 6 வரை. வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு வரை திறந்திருக்கும் ஏற்பாடும் உண்டு. டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் விடுமுறை.

நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும். பிரபலமான கண்காட்சிக்கு வார இறுதி டிக்கெட் முன்னதாகவே தீர்ந்துவிடும். ஆன்லைனில் வாங்கும்போது நன்கொடை சேர்த்த விலையும் சேர்க்காத விலையும் இருந்தால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், நன்கொடை கட்டாயமில்லை. 16 முதல் 25 வயதுக்குள் இருந்தால் ‘டேட் கலெக்டிவ்’ திட்டத்தில் இலவசமாகச் சேர்ந்து, கண்காட்சி டிக்கெட்டை 5 பவுண்டுக்கு வாங்கலாம். ஆனால் முதல்முறை போகிறவருக்குச் சேகரிப்பே தாராளம். சிறப்புக் கண்காட்சியையும் அதே நாளில் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடுவது. நீங்கள் பார்க்க விரும்பும் படைப்பு இப்போது சுவரில் இருக்கிறதா? ஒவ்வொரு படைப்புக்கும் இணையதளத்தில் தனிப் பக்கம் உண்டு. காட்சியில் இருந்தால் அதில் குறிப்பிட்டிருப்பார்கள். படைப்புகள் வேறு ஊர் அருங்காட்சியகங்களுக்கு இரவல் போகும். காகிதத்தில் செய்தவை வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் மங்கும் என்பதால் அவ்வப்போது இருட்டறைக்கு ஓய்வுக்குப் போகும். ‘அது எங்கே?’ என்று தளம் தளமாகத் தேடி ஏமாறுவதைவிட இந்தப் பத்து நிமிட வேலை மேல்.

தேடிப் பார்க்கச் சில பெயர்கள்: டுஷாம்பின் ‘ஃபவுண்டன்’ என்ற பீங்கான் சிறுநீர்த்தொட்டி (1917-இல் வைத்த மூலம் தொலைந்துபோனது, இங்கே இருப்பது 1964-இல் செய்த நகல்), பிக்காசோவின் ‘அழும் பெண்’ (1937), டாலியின் ‘லாப்ஸ்டர் டெலிபோன்’ (1938), மத்தீஸ் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிய ‘நத்தை’ (1953), வார்ஹோலின் ‘மர்லின் டிப்டிக்’ (1962), கார்ல் ஆண்ட்ரேயின் செங்கல் அடுக்கு (1966), சில்டோ மெய்ரெலெஸ் பழைய ரேடியோக்களைக் கோபுரமாக அடுக்கிய ‘பாபெல்’ (2001), ரோத்கோவின் மெரூன் நிற ஓவியங்கள்.

படி 2: போய்ச் சேர்வது

பாதாள ரயிலில் ஜூபிலி பாதையின் சதர்க் நிலையம் பக்கம். பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்தில் இறங்கினால் ஆற்றின் தென்கரை வாசல் வழியாக வெளியேறுங்கள்; வடகரை வாசலில் வந்துவிட்டால் பாலம் கடக்க வேண்டியிருக்கும். நேரமிருந்தால் செயின்ட் பால்ஸ் நிலையத்தில் இறங்கி, மில்லேனியம் நடைபாலம் வழியாக வாருங்கள். 2000-இல் திறந்த சில நாட்களிலேயே ஆட்டம் கண்டு மூடப்பட்டு, 2002-இல் மறுபடி திறந்த பாலம் அது. எதிரே 99 மீட்டர் உயரப் புகைபோக்கியுடன் கட்டிடம் முழுதாகத் தெரியும் கோணமும் அதுதான்.

டிக்கெட்டுக்குக் கான்டாக்ட்லெஸ் கார்டே போதும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டில் இருவர் போக முடியாது. உள்ளே போகும்போது எதைத் தட்டினீர்களோ, வெளியேறும்போதும் அதையே தட்டுங்கள். போனில் தட்டி நுழைந்து பிளாஸ்டிக் கார்டைத் தட்டி வெளியேறினால், அவை ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இரண்டு முற்றுப்பெறாத பயணங்களாகக் கணக்காகி அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் ஊரிலேயே வங்கி ஆப்பில் ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: பை

சக்கரம் வைத்த பெட்டியோடு போகாதீர்கள். விமானத்துக்கு முன் இடைப்பட்ட நேரத்தில் பார்க்க நினைத்தால் பெட்டியை ஹோட்டலிலோ பெரிய ரயில் நிலையத்தின் கட்டணக் காப்பறையிலோ விட்டுவிடுங்கள். முதுகுப்பையை அறைகளுக்குள் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்: திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. செல்ஃபி ஸ்டிக், டிரைபாட், ஃபிளாஷ் மூன்றும் கூடாது. சேகரிப்பு அறைகளில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கலாம். சிறப்புக் கண்காட்சியில் வாசலில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள்.

படி 4: மேற்கு வாசல் வழியாக நுழையுங்கள்

ஆற்றுப் பக்க வாசல்தான் முதலில் கண்ணில் படும். அதை விட்டு, ஹாலண்ட் தெருப் பக்கமுள்ள மேற்கு வாசலுக்குப் போங்கள். அகலமான சரிவுப் பாதை உங்களை நேராக டர்பைன் ஹாலுக்குள் இறக்கும். இது பேங்க்சைடு மின்நிலையம். கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது, 1981-இல் நின்றுபோனது. ஹெர்சாக் - டெ மொய்ரான் கட்டிடக் கலைஞர்கள் மாற்றியமைத்து, 2000 மே மாதம் அருங்காட்சியகமாகத் திறந்தது. மின் இயந்திரங்கள் நின்ற இந்தக் கூடம் 35 மீட்டர் உயரம், 150 மீட்டருக்கு மேல் நீளம். கட்டிடத்தின் அளவு உடம்புக்குப் புரிவது இந்தச் சரிவில்தான்.

ஆண்டுதோறும் ஒரு கலைஞர் இந்தக் கூடத்துக்கென்றே ஒரு படைப்பு செய்வார். பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி வசந்தம் வரை இருக்கும். கோடையில் போகிறவர் சில சமயம் வெறும் கூடத்தைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். வெறுமையாக இருந்தால் தரையைப் பாருங்கள். 2007-இல் டோரிஸ் சல்செடோ ‘ஷிப்போலெத்’ படைப்புக்காக இந்தக் கான்கிரீட் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு விரிசல் உண்டாக்கினார். பிறகு நிரப்பிவிட்டார்கள், ஆனால் வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் கிளை பிரிந்து ஓடும் தழும்பு இன்னும் தெரிகிறது. நிரப்பிய கான்கிரீட்டின் சாம்பல் நிறம் சுற்றியுள்ள தரையோடு ஒட்டவில்லை. குழந்தைகளோடு போனால் அதன்மேலேயே நடந்து வரச் சொல்லுங்கள்.

படி 5: தளக் கணக்கு

பலர் வழி தவறும் இடம் இது. டர்பைன் ஹால் தரை 0-ஆம் தளம். ஆற்றுப் பக்க வாசல் 1-ஆம் தளம். தெருவிலிருந்து அப்படியே நடந்து நுழைந்தாலும் நீங்கள் முதல் தளத்தில்தான் நிற்கிறீர்கள். ஆற்றுப் பக்கம் இருப்பது நடாலி பெல் கட்டிடம், பின்னால் 2016-இல் திறந்த பிளாவட்னிக் கட்டிடம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 0, 1, 4 ஆகிய தளங்களில் மட்டுமே கடக்கலாம். 2-ஆம், 3-ஆம் தளங்களில் பாலத்தைத் தேடாதீர்கள், இல்லை.

நடாலி பெல் கட்டிடத்தின் 2-ஆம் தளத்தை முடித்து, 4-க்கு ஏறி, அங்கிருந்து பாலம் வழியே மறுகட்டிடம் போவது நல்ல வரிசை. இறங்கும்போது 0-ஆம் தளத்தில் ‘டாங்க்ஸ்’ பகுதியைப் பாருங்கள்: மின்நிலையத்துக்கு எண்ணெய் சேமித்த நிலத்தடித் தொட்டிகள், 30 மீட்டர் விட்டமும் 7 மீட்டர் உயரமும் கொண்டவை.

படி 6: ஒரு படைப்பைப் பார்ப்பது எப்படி

விளக்கப் பலகையை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு நெருங்குங்கள், தரையில் கோடோ தாழ்ந்த கம்பியோ இருந்தால் அதுதான் எல்லை. மத்தீஸின் ‘நத்தை’ ஏறத்தாழ மூன்று மீட்டர் சதுரம். புத்தகத்தில் குழந்தை விளையாட்டு மாதிரித் தெரிவது, கிட்டே போனால் காகிதத்தில் தூரிகை ஓடிய தடமும் கத்தரி வளைந்த விளிம்பும் காட்டும். அதற்குப் பிறகு பலகையைப் படியுங்கள்.

சிரிப்பு வரவைக்கும் படைப்பில் இந்த முறை இன்னும் உதவும். ஆண்ட்ரேயின் ‘ஈக்விவலன்ட் 8’ வெறும் 120 சூளைச் செங்கல். இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றிலும் 60. டேட் இதை 1972-இல் வாங்கியதற்கு 1976-இல் பத்திரிகைகள் கிழிகிழி என்று கிழித்தன. ஆனால் இது எட்டுப் படைப்பு கொண்ட தொகுப்பில் எட்டாவது. எட்டிலும் அதே 120 கல், அதே உயரம், அதே கன அளவு. நீள அகலம் மட்டும் வேறு. இது தெரிந்தபின் குனிந்து பாருங்கள், கேள்வி ‘இது கலையா?’ என்பதிலிருந்து ‘சமமான பொருள் ஏன் சமமாகத் தெரியவில்லை?’ என்பதற்கு நகரும். ஒத்துக்கொள்ள வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ரோத்கோ அறை காட்சியில் இருந்தால் அவசரப்படாதீர்கள். மங்கிய வெளிச்சம் வேண்டுமென்றே வைத்தது. நியூயார்க் உணவகம் ஒன்றுக்காக 1958-இல் தொடங்கி, பிறகு தர மறுத்த ஓவியங்கள் இவை. லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25 அன்றுதான் அவர் இறந்தார். உட்கார்ந்து மூன்று நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். கறுப்பாகத் தெரிந்த பரப்பில் மெரூன் பிரிந்து வரும். எட்டிப் பார்த்துத் திரும்புகிறவருக்கு அது கிடைக்காது. 2012-இல் ஒருவர் இதில் ஒன்றின் ஓரத்தில் மையால் எழுதிவிட்டார். சரிசெய்ய 18 மாதம் ஆனது. ஊழியர் உங்கள் கையைக் கவனித்தால் கோபப்படாதீர்கள்.

படி 7: நடுவிலும் பிறகும்

ஒரு மணி நேரத்தில் கண் சலித்துவிடும். அப்போதே உட்காருங்கள், முழுக்கச் சோர்ந்தபின் உட்கார்ந்தால் மறுபடி எழ மனம் வராது. உள்ளே உள்ள கஃபேயில் விலை அதிகம். கிழக்கே பத்து நிமிட நடையில் பரோ மார்க்கெட், சைவத்துக்கும் வழியுண்டு, திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பிளாவட்னிக் 10-ஆம் தளத்தின் நகரக் காட்சியை நம்பிப் போகிறவர்கள், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று வரவேற்பில் கேட்டுவிட்டு லிஃப்டுக்கு நில்லுங்கள். எதிரே உள்ள கண்ணாடி அடுக்ககங்களின் குடியிருப்பாளர்கள், இங்கிருந்து பார்வையாளர்கள் தங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தொடுத்த வழக்கில், 2023-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பிடித்த படைப்பின் பலகையைப் படம் எடுக்கும்போது கடைசி வரியில் உள்ள எண்ணும் தெளிவாக விழட்டும். அந்த எண்ணை இணையதளத்தில் தேடினால் அதே படைப்பு நேராக வரும். ‘அன்டைட்டில்ட்’ (தலைப்பில்லாதது) என்ற தலைப்பை வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும்.