பாரிசவாதம்: ஸ்கான் விஷயத்தில் நடக்கும் பிழைகள்

ஒரு பக்க வாய் கோணி, பேச்சுக் குழறியதும் வெள்ளவத்தைப் பக்கம் பலர் முதலில் விசாரிப்பது, "எம்.ஆர்.ஐ. எங்கே உடனே எடுக்கலாம்?" என்றுதான். விலை கூடிய ஸ்கான்தான் நல்ல ஸ்கான் என்ற நினைப்பு. 1990 அம்புலன்சுக்கு அழைக்கவேண்டிய நேரம் அதில் போய்விடுகிறது.

வைத்தியருக்கு முதலில் தெரியவேண்டியது மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்பது. சாதாரண சி.ரி. (CT) ஸ்கான் சில நிமிடங்களில் அதைக் காட்டிவிடும். புதிய இரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கசிவு இல்லையென்றால்தான் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அதுவும் வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள். எம்.ஆர்.ஐ. என்றால் தாலிக்கொடி, காப்பு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றி, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டு, குழம்பிப்போயிருக்கும் மனிதரை அசையாமல் படுக்கவைக்க வேண்டும். சி.ரி.க்கு முன் வீட்டிலேயே அஸ்பிரின் கொடுப்பதும் கூடாது, கசிவாக இருந்தால் ஆபத்து.

அடுத்தது, "சி.ரி. நோர்மல், பயமில்லை" என்று வீட்டுக்குக் கூட்டிவருவது. அடைப்பால் வந்த பாதிப்பு முதல் சில மணித்தியாலங்களில் சி.ரி.யில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் டிஃபியூஷன் என்ற வகைப் படத்தில் சீக்கிரமே தெரியும். ஆனாலும் மூளைத்தண்டில் வரும் சிறிய பாதிப்பு ஆரம்பத்தில் அதற்கும் தப்பலாம். தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் நீடித்தால் படத்தை மட்டும் நம்பக்கூடாது.

சி.ரி. அஞ்சியோகிராம், அதாவது டை ஏற்றி இரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கான், என்றதும் "டை போட்டால் கிட்னி போய்விடுமே" என்று தயங்குவார்கள். பெரிய இரத்தக்குழாய் எங்கே அடைபட்டது என்று காட்டுவது அதுதான். உள்ளே மெல்லிய குழாய் விட்டு இரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு அது தேவை. முன்பு சிறுநீரக நோய் இல்லாதவருக்கு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க அவசியமில்லை.

ஆறு மணித்தியாலம் கடந்ததும் கைவிடுவதும் பிழை. 2018இல் வெளிவந்த டோன், டிஃபியூஸ் 3 ஆய்வுகளுக்குப் பிறகு, தெரிவுசெய்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரை இரத்தக்கட்டியை எடுக்கும் அந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது. மூளையில் இறந்த பகுதி எவ்வளவு, காப்பாற்றக்கூடியது எவ்வளவு என்பதை, இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பெர்ஃபியூஷன் ஸ்கான் காட்டும்.

தூங்கி எழும்போதே கை விளங்காமல் இருந்தால், எம்.ஆர்.ஐ. அதன் விலைக்கு வேலை செய்வது அங்கேதான். டிஃபியூஷனில் பாதிப்பு தெரிந்து ஃப்ளேயர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாவிட்டால், தொடங்கி நாலரை மணித்தியாலம் ஆகியிருக்காது என்று ஊகிக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. இரவு பத்துக்கு பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்தவர் காலை ஆறுக்கு இப்படி எழும்பினால், வைத்தியரிடம் பத்து மணி என்றே சொல்லுங்கள்.