ஜெலுத்தோங் வீட்டில் கம் பிரிண்ட்

கம் பிரிண்ட் என்பது பிசினோடு டைக்ரோமேட் என்ற வேதிப்பொருளும் நிறமும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவ் வழியாக வெயில் காட்டிப் படம் அச்சிடும் முறை. வெயில் பட்ட இடம் இறுகி நிற்கும், மற்றது தண்ணீரில் கரைந்துபோகும். என் முதல் மூன்று கம் பிரிண்ட்டும் ஒரே மாதிரிதான் கெட்டன. தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் தாள் முழுக்க ஒரே கறுப்பு. முதல் நாள் இரவே கலவையைப் பூசி, இருட்டு அலமாரியில் வைத்து, மறுநாள் வெயிலுக்கு எடுத்துப்போனேன். அதுதான் தப்பு. டைக்ரோமேட் கலந்த பிசின் இருட்டிலும் மெல்ல இறுகும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். பினாங்கில் இரண்டுக்கும் பஞ்சமா? இப்போது பூசி, காத்தாடிக்கடியில் காயவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் வெயில் காட்டிவிடுகிறேன்.

பிசின் வாங்கும்போது கம் அராபிக் என்று கேளுங்கள். லிட்டில் இந்தியாவில் நான் அவசரத்தில் வாங்கியது பாதாம் பிசின். அது ஜெல்லியாக ஊதுமே தவிரக் கரையாது. அம்மா பாலில் போட்டுக் குடித்துத் தீர்த்தார். கம் அராபிக் 35 கிராமை 100 மில்லி தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் தாளை வெந்நீரில் நனைத்து முன்கூட்டியே சுருங்கவிடுங்கள். ஒரே தாளில் பல தடவை பூசி வெயில் காட்ட வேண்டியிருக்கும்; இப்போதே சுருங்காவிட்டால் அடுத்த பூச்சில் நெகட்டிவ் பொருந்தாது. அப்புறம் 3 சதவீத ஜெலட்டின் பூசிக் காயவைத்து, படிகாரத் தண்ணீரில் முக்கி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நிறம் இழைக்குள் இறங்கி வெள்ளை அழுக்காகிவிடும்.

கலவைக்குப் பிசின் 5 மில்லி, 10 சதவீத பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசல் 5 மில்லி, பட்டாணி அளவு கறுப்பு வாட்டர்கலர். டைக்ரோமேட் புற்றுநோய் தரும் நஞ்சு. கையுறை கட்டாயம், தூளை எடை போடும்போது முகக்கவசமும். சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்து நச்சுக்கழிவாகக் கொடுங்கள்.

மங்கிய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். பிரிண்ட் எந்த அளவோ அதே அளவு நெகட்டிவை டிரான்ஸ்பரன்ஸி என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, காய்ந்த தாள்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்த வேண்டும். தெளிந்த நண்பகலில் எனக்கு 3 நிமிடம் போதும். உங்கள் வெயிலுக்குச் சின்னத் துண்டில் முதலில் சோதியுங்கள். பிறகு தண்ணீரில் குப்புற அரை மணி நேரம். வெயில் பட்ட இடம் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், படாதது தானே கரைந்து இறங்கும். விரலால் தேய்க்காதீர்கள்.

முதல் பூச்சு சோகையாகத்தான் வரும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தில் அப்பா காவடி எடுத்த படத்துக்கு மூன்று பூச்சு ஆனது. நிறத்தைக் குறைத்து வெயிலைக் கூட்டிய மூன்றாவதில்தான் அவர் வேட்டி மடிப்பு தெரிந்தது.