பிக்அப்ல மைல்ட் ஹைப்ரிடுக்கு காசு கூட போடலாமா? முடிவு பண்றது எப்படி

முதல்ல ஒண்ணு, மைல்ட் ஹைப்ரிட்னா கரண்ட்ல ஓடற வண்டி கிடையாது. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) இருக்கற இடத்துல பெல்ட்ல சுத்தற ஒரு மோட்டார் ஜெனரேட்டர், கூட சின்னதா ஒரு 48 வோல்ட் பேட்டரி, அவ்ளோதான். பிரேக் போடும்போது கொஞ்சம் சார்ஜ் சேத்துக்கும், கிளம்பும்போது இன்ஜினுக்கு கை குடுக்கும், சிக்னல்ல இன்ஜின் ஆஃப் ஆகி உதறலே இல்லாம திரும்ப ஸ்டார்ட் ஆகும். டொயோட்டா ஹைலக்ஸ்ல அந்த பேட்டரி 7.6 கிலோதான், மோட்டார் 12 கிலோவாட். ஃபோர்டு எஃப்-150 பிக்அப்போட ஃபுல் ஹைப்ரிட்ல (மோட்டார் மட்டுமே வண்டிய கொஞ்ச தூரம் ஓட்டக்கூடிய வகை) மோட்டாரே 35 கிலோவாட், அதோட இத கம்பேர் பண்ணவே பண்ணாதீங்க.

எவ்ளோ மிச்சமாகும்? ஹைலக்ஸுக்கு ஐரோப்பால டொயோட்டாவே சொல்றது சுமார் 5 சதவீதம். 2019 ராம் 1500 பிக்அப்போட வி8ல (எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்) அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ கணக்குப்படி, மைல்ட் ஹைப்ரிட் இல்லாம கேலனுக்கு 17 மைலா இருந்தது அதோட 19 ஆச்சு, அதாவது எரிபொருள் பத்துல ஒரு பங்கு கம்மி. பெரிய பெட்ரோல் இன்ஜின்ல லாபம் கொஞ்சம் கூடத்தான்.

இப்ப உங்க கணக்கு. வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர்னு வச்சா 2,000 லிட்டர், அதுல 5 சதவீதம் 100 லிட்டர். இத உங்க ஊர் விலையால பெருக்கி எத்தன வருஷம் வண்டிய வச்சிருப்பீங்களோ அதால பெருக்குங்க, கூட கேக்கற காசு அதுக்கு மேல போச்சுன்னா விட்டுடுங்க. சில கம்பெனில டாப் வேரியன்ட்லதான் இத குடுப்பாங்க, அப்ப சீட்டு ஸ்க்ரீனுக்கெல்லாம் சேத்துதான் காசு வாங்கறாங்க, அத தனியா கழிச்சு பாருங்க.

டிராஃபிக்ல நின்னு நின்னு போறவங்களுக்கு, நாள் பூரா டெலிவரி ஓட்டறவங்களுக்கு இது ஓகே. ஹைவேல ஒரே வேகத்துல டிரெய்லர் இழுக்கறவங்களுக்கு என்னப் பொறுத்தவரை வேஸ்ட், அங்க பிரேக்கே அடிக்கடி போட மாட்டோமே, சார்ஜ் எங்கேந்து வரும்?

டெஸ்ட் டிரைவ்ல ஏசிய ஃபுல்லா வச்சு சிக்னல்ல நிறுத்திப் பாருங்க, இன்ஜின் எவ்ளோ நேரம் ஆஃப்ல நிக்குதுன்னு. பின் சீட்டுக்கு அடியில பேட்டரி இருந்தா சாமான் வைக்க இடம் போயிருக்கும், சீட்ட தூக்கி அதையும் பாருங்க. செகண்ட் ஹேண்ட்னா இன்ஜின் சூடான அப்புறமும் ஸ்டாப் ஸ்டார்ட் வேலை செய்யலேன்னா 48 வோல்ட் பேட்டரிய செக் பண்ணச் சொல்லுங்க, புது பேட்டரி என்ன விலை, வாரன்டி எத்தன வருஷம்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே சர்வீஸ் சென்டர்ல கேட்டுடுங்க.