நெல்லையிலிருந்து கேலக்ஸி படம்: டெலஸ்கோப்புக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

கேலக்ஸி படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. எந்த மாதம் எடுக்கப் போகிறீர்கள், எதை எடுக்கப் போகிறீர்கள், அந்த நேரத்தில் அது தலைக்கு மேலே நிற்குமா, இல்லை தொடுவானத்தில் தொங்குமா? ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் ஒளி 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வருகிறது. அது நேர் உச்சியில் நின்றால்கூட, சமவெளியில் ஓரளவு தெளிவான இரவிலேயே அந்த ஒளியில் கால்வாசியைக் கடைசிச் சில கிலோமீட்டர் காற்று தின்றுவிடும். பணம் செலவழித்துச் சரிசெய்ய முடியாத இழப்பு இது. எப்போது, எங்கே, எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுத்துத்தான் குறைக்க முடியும்.

முதலில் காலம். திருநெல்வேலிச் சீமையில் கேலக்ஸிக்கு வசதியான வானம் தை, மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, மார்கழியில் மழை விட்டாலும் பனி விடாது. வைகாசிக் கடைசியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கொண்டாடும். நமக்கோ, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு விழாவிட்டாலும் மேகம் மலையைத் தாண்டி வழிந்துகொண்டே இருக்கும், செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வரும் காற்றில் ட்ரைபாட் நிலையாக நிற்காது, புழுதி வேறு. அதே மாதங்களில் சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து ஜெட் காற்று என்கிற அதிவேகக் காற்றோட்டம் ஓடுகிறது, அதனால் மேகம் விலகிய இரவிலும் நட்சத்திரம் நடுங்கும். குளிர்காலத்து ஜெட் காற்று ஓடுவது வட இந்தியாவுக்கு மேலே. அது டெல்லிக்காரர்களின் தலைவலி. 8.7 டிகிரி அட்சரேகையில் இருக்கிற நமக்கு அப்போது மேலே பெரும்பாலும் அமைதிதான்.

இதனால்தான் ஆண்ட்ரோமெடாவை முதல் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். பெரியது, பிரகாசமானது, ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த நீளம், எல்லாம் சரி. ஆனால் அது நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது அக்டோபர் தொடக்கத்தில், நமக்கு மழை மூட்டம் கூடுகிற நேரம் பார்த்து. பொங்கல் சமயத்தில் பிடிக்கலாம் என்றால், இருட்டும்போதே மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வடமேற்கில் மலையோரத்து மூட்டத்துக்குள் இறங்கிவிடும்.

நம் ஊருக்கென்றே அமைந்தது கன்னி ராசிப் பக்கத்துக் கேலக்ஸிக் கூட்டம். உத்திர நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, 5 கோடிக்கும் மேற்பட்ட ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் குவிந்து கிடக்கின்றன. மார்ச் கடைசியில் அது நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும்போது நம் தலைக்கு நேர் மேலிருந்து நாலைந்து டிகிரிதான் விலகியிருக்கும். ஐரோப்பாக்காரர்களுக்குக் கிடைக்காத உயரம் இது. வானம் தெளிவாக இருக்கும் மாதமும் அந்தக் கூட்டம் உச்சிக்கு வரும் மாதமும் ஒன்றாக அமைந்திருக்கும்போது, ஏன் மழைக்காலக் கேலக்ஸியைத் துரத்த வேண்டும்? 400 மில்லிமீட்டர் லென்ஸும் சாதாரண ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவும் போதும், அந்தக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் கேலக்ஸிகளான மார்க்கேரியன் சங்கிலி முழுசாகச் சட்டத்துக்குள் அடங்கும். பக்கத்திலேயே சிம்ம ராசியில் மூன்று கேலக்ஸி ஒன்றாக நிற்கும், அதுவும் கிட்டத்தட்ட உச்சிதான். சித்திரை நட்சத்திரத்துக்கு மேற்கே சோம்ப்ரெரோ கேலக்ஸி, எம்104, 70 டிகிரி உயரம் வரை ஏறும். ஆனால் அது சின்னது, அதற்கு 1000 மில்லிமீட்டராவது வேண்டும். தெற்கே சென்டாரஸ் ஏ கேலக்ஸி 38 டிகிரி வரை வரும், வடக்கே இருக்கிறவர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், கணக்கு அப்படி. நேர் உச்சியில் நம் பார்வை கடக்கும் காற்றை ஒரு பங்கு என்று வைத்தால், 30 டிகிரி உயரத்தில் இரண்டு பங்கு, 10 டிகிரியில் ஐந்தரைப் பங்குக்கு மேல். உச்சியில் முக்கால்வாசி ஒளி வந்துசேரும் இரவில், 30 டிகிரியில் பாதிக்குச் சற்று மேல் வரும், 10 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு. நம் பால்வெளிக்குப் பக்கத்துக் குட்டி கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகம் நமக்கு 11, 12 டிகிரிக்கு மேல் ஏறாது, ஆசைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இழப்பிலும் நீலம்தான் அதிகம் அடிபடும். சுருள் கைகளில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் நிறமே நீலம், ஆக தாழ்வாக எடுத்தால் கேலக்ஸியின் நடுப்பகுதி மட்டும் மஞ்சளாக மிஞ்சும். சென்டாரஸ் ஏ மாதிரி அதற்கு மேல் ஏறாதவற்றை விட்டால், 40 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்ட இலக்குக்கு நான் ஷட்டரை நிறுத்திவிட்டு அடுத்த இலக்குக்குப் போய்விடுவேன்.

அப்புறம், நல்ல வானம் என்பதில் இரண்டு சங்கதி உண்டு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று தெளிவு, அதாவது தூசி, ஈரம், புகை எவ்வளவு. இன்னொன்று சீயிங், அதாவது காற்று எவ்வளவு நடுங்குகிறது. இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். லேசான மூடுபனி இரவில் நட்சத்திரம் சிமிட்டாமல் அசையாது நிற்கும். வியாழன், சனி எடுக்க அருமை, கேலக்ஸிக்கு உதவாது. மழை ஓய்ந்து வாடை அடிக்கிற இரவில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், நட்சத்திரம் மட்டும் துடிக்கும். சின்ன லென்ஸ் வைத்திருப்பவர் அன்றைக்கு வீட்டில் இருக்கவே கூடாது.

சின்ன லென்ஸுக்கு நடுக்கம் ஏன் பொருட்டில்லை? கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 3.76 மைக்ரானும் 400 மில்லிமீட்டரும் என்றால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 1.9 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). 1000 மில்லிமீட்டரில் 0.8. சமவெளியில் நட்சத்திரம் 2, 3 ஆர்க்செகண்டுக்கு வீங்கித்தான் தெரியும். முதல் அமைப்பில் அந்த வீக்கம் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது, இரண்டாவதில் அப்படியே படத்தில் விழுகிறது. நீளமான டெலஸ்கோப் வாங்கினால் தானாக விவரம் கூடிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

அன்றன்றைக்குப் போகலாமா என்று முடிவெடுக்க, மேகத்துக்கு இன்சாட் செயற்கைக்கோள் படம், சீயிங்குக்கு மீட்டியோப்ளூ தளம், தூசிக்கு விண்டி செயலியில் ஏரோசால் அடுக்கு, மூன்றும் போதும். வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டு மூன்று டிகிரிக்குள் நெருங்கினால் லென்ஸ் நனையும் என்று அர்த்தம், பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆனால் செயலியைவிட நான் நம்புவது கண்ணை. பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள், அகத்திய நட்சத்திரம் 28 டிகிரி உயரத்தில் நிற்கும், நாம் பார்ப்பது இரண்டு பங்கு காற்று வழியாக. சிவப்பும் பச்சையுமாகத் துடித்தால் நடுக்கம் அதிகம், குட்டை லென்ஸோடு நிறுத்துங்கள். அசையாமல் மங்கி மஞ்சளாக நின்றால் தூசியும் ஈரமும் இருக்கிறது, பேசாமல் கிரகம் பாருங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று, சுற்றியுள்ள மங்கல் நட்சத்திரங்களோடு தெரிந்தால் பெட்டியைத் திறக்கலாம். பொதிகை முனிவருக்கு இந்த வேலையும் கொடுத்தாயிற்று.

இடம் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. தாமிரபரணிக் கரை வேண்டாம். தை, மாசியில் பிசான நெல் வயலெல்லாம் தண்ணீராகக் கிடக்கும், குளங்களும் நிரம்பியிருக்கும், நள்ளிரவுக்கு மேல் தரையோடு மூட்டம் எழும். வானம் பார்த்த பூமிக்குப் போங்கள். நாங்குநேரிக்குத் தெற்கே, ராதாபுரம் பக்கம், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு, எல்லாம் ஈரம் குறைந்த நிலம். உவரி மாதிரிக் கடலோரத்தில் தெற்கு வானம் திறந்திருக்கும், ஆனால் உப்புக் காற்று லென்ஸில் படியும். காற்றாலைகளின் சிவப்பு விளக்கு எந்தத் திசையில் என்று பகலிலேயே பார்த்துவையுங்கள். மாஞ்சோலை உயரம்தான், இருட்டும்தான், ஆனால் அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது. அணுமின் நிலையம் இருக்கிற கூடங்குளம், இஸ்ரோ மையம் இருக்கிற மகேந்திரகிரி, கடற்படைத் தளம் இருக்கிற விஜயநாராயணம் பக்கம் கேமராவும் குழாயுமாக நிற்பது வீண் வம்பு. எங்கே போனாலும் பக்கத்து ஊர் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பாதி எக்ஸ்போஷரில் டார்ச் அடித்து "அண்ணாச்சி, இந்நேரத்துல இங்க என்ன செய்தீய?" என்று நாலு பேர் வருவார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம்தான். வீட்டு மொட்டை மாடி கடைசித் தேர்வாக இருக்கட்டும், பகல் வெயிலைக் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கி நடுக்கத்தைக் கூட்டும். நாள் என்று பார்த்தால் அமாவாசையும் அதன் முன்பின் ஐந்து நாளும். ஒளிரும் வாயு மேகமான நெபுலாவுக்கு உதவும், குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் விடும் குறும்பட்டை ஃபில்டர் இங்கே கைகொடுக்காது, கேலக்ஸியின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால்.

வானம் சுழல்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் ட்ராக்கரையோ மவுண்டையோ துருவத்துக்குத் திருப்புவதுதான் நம் அட்சரேகையின் பெரிய தொல்லை. துருவ நட்சத்திரம் ஒன்பது டிகிரி உயரத்தில், பனைமரத்துக்குப் பின்னாலோ மூட்டத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும். சில மவுண்டுகள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். போனின் சாய்வுமானியில் 8.7 வைத்து, திசைகாட்டியில் வடக்கு பார்த்து, பிறகு நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையில் திருத்தினால் துருவ நட்சத்திரம் தெரியாமலே காரியம் முடியும். உச்சியில் இருக்கும் இலக்குக்கு இன்னொரு எச்சரிக்கை, நீளமான குழாய் என்றால் கேமரா ட்ரைபாட் காலில் இடிக்கும், இருட்டுமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

எடுக்கும்போது ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, ஒவ்வொன்றும் 60 முதல் 120 விநாடி. கேமராத் திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு இடது ஓரத்திலிருந்து கால் பங்கு தள்ளி நின்றால் போதும். அதற்கு மேல் போனால் மூட்டத்தின் வெளிச்சத்தைத்தான் சேர்க்கிறீர்கள். மொத்தம் மூன்று மணி நேரமாவது சேருங்கள். நம் இரவு 24, 25 டிகிரி சூடு, குளிரூட்டி இல்லாத கேமராவில் இரைச்சல் கூடும். ஆகவே அங்கேயே, அதே சூட்டில், மூடி போட்டு டார்க் படங்களையும் எடுத்துவிடுங்கள், வீட்டு ஏசி அறையில் எடுத்த டார்க் ஒத்துவராது.

வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிவிடாதீர்கள். இலவச சிரில் மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் நட்சத்திர எண்ணிக்கை, வீக்கம், பின்னணி வெளிச்சம் மூன்றையும் வரைபடமாகப் பார்க்கலாம். எண்ணிக்கை திடீரென்று சரிந்த இடம் மெல்லிய மேகம், மெதுவாகச் சரிந்துகொண்டே போனால் லென்ஸில் பனி, வீக்கம் மட்டும் கூடியிருந்தால் நடுக்கம் அல்லது ஃபோகஸ் நழுவல். மேகமும் பனியும் பட்டவற்றைத் தயங்காமல் நீக்குங்கள், லேசாக வீங்கியவற்றை 200 மில்லிமீட்டருக்கு வைத்துக்கொள்ளலாம், 1000-க்கு வேண்டாம். மிச்சத்தை அடுக்கி, கிராக்ஸ்பெர்ட் மென்பொருளில் ஊர் வெளிச்சத்தின் சரிவை எடுத்துவிட்டு, அதன் பிறகு நிறத்தில் கை வையுங்கள். வேறு வேறு இரவில் எடுத்தவற்றையும் இதே மாதிரிச் சலித்துச் சேர்க்கலாம், அந்தந்த இரவின் ஃப்ளாட் படங்களை (லென்ஸ் தூசியையும் ஓர இருட்டையும் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை)த் தனித்தனியாகப் போட்டால் சரி.